ஏறாத இரும்பு

என் கணவரின் அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெண்களில் யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிப்பதற்கு முன்னால் கண்ணின் கீழிமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்ப்பார். அவிநாசியில் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், எனக்கும் அதைச் செய்தார்.

"சுண்ணாம்பாட்ட வெளுத்துக் கெடக்குது. ஏனுங்க அம்மணி, சோறு திங்கறீங்ளா இல்லீங்ளா?"

பந்தி முழுக்கக் கேட்டது. நான் இரண்டாம் முறை சாதம் வாங்கி முடித்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார் என்பதுதான் விசேஷம். பக்கத்து இலைக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் முருங்கைக்கீரை என்றார். ஒருவர் பேரீச்சம்பழத்தைத் தேனில் ஊறப்போடச் சொன்னார். சர்க்கரை வியாதிக்குக் காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவர், கருப்பட்டி தின்றால் எந்தச் சீக்கும் அண்டாது என்று எனக்கு உறுதியளித்துவிட்டு இரண்டாவது ஜாங்கிரியை எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் மரியாதைக்குப் பேர் போனது. பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவோம். அந்த 'ங்க'வைப் போட்டுக்கொண்டே ஒருத்தியின் உடம்பை நடுப்பந்தியில் பிரித்துப் போட முடியும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ரத்தம் குறைவு. பீளமேட்டில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. மாடிப்படி ஏறினால் திருப்பத்தில் நின்று, போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். சாயங்காலம் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தும்போது கை நடுங்கும். தலை வாரினால் சீப்போடு முடி வரும். இதையெல்லாம்விட வெட்கமான ஒன்று, பச்சரிசி. சமையலறைக்குப் போனால் டப்பாவைத் திறந்து ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. படித்த பெண், முழம் முழமாய் வரைபடம் போடுகிறவள், கதவை ஒருக்களித்துவிட்டு எலி மாதிரி அரிசி மென்றுகொண்டிருந்தேன். ரத்தம் குறைந்தால் இப்படி ஓர் ஆசை வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் கல்யாணத்தன்று மழை கொட்டியதற்கு நான் அரிசி தின்றதுதான் காரணம் என்று மட்டும் சொன்னார்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் எங்கள் ஒறம்பரை காட்டிய அக்கறை அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் போகட்டும், அவர்களுக்குத் தொழில் அது இல்லை. தொழிலாகவே வைத்திருந்த ஒருவரிடம் வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்கு அருகே கிளினிக் வைத்திருந்த டாக்டர். ரிப்போர்ட்டைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். "லேடீஸ்னா இதெல்லாம் சகஜம்" என்பார். இரும்புச்சத்து மாத்திரை எழுதுவார். தின்பேன். மலம் கறுக்கும், வயிறு எரியும், ரத்தம் கொஞ்சம் ஏறும். மாத்திரையை நிறுத்தியதும் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். வயிறு எரிகிறது என்றபோது அசிடிட்டி மாத்திரை ஒன்றைச் சேர்த்து எழுதினார். மறுபடி இறங்கியபோது, "ஒழுங்காச் சாப்பிடறீங்களா? மறந்துடறீங்க, அதான்" என்று முடித்தார். மாதவிடாய்க் கோளாறாக இருக்குமோ என்று நானாகவே போய்ப் பெண் மருத்துவரிடம் காட்டினேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அதில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் பழைய டாக்டரிடம் நீட்டினேன். இவர் அதை வாங்கி மேசைமேல் வைத்து, அதன் மேலேயே அதே இரும்பு மாத்திரையை எழுதினார்.

பம்பு ஓடுகிறது, மேல்தொட்டி நிறையவில்லை என்று யாராவது எங்கள் கம்பெனிக்குப் புகார் கொடுத்தால், மோட்டாருக்கு அக்கறை போதாது என்று பதில் எழுதுவோமா? பைப்பில் எங்கே ஒழுகுகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று ஆள் அனுப்பிப் பார்ப்போம். ஒரு பம்புக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

நாத்தனார் இதற்குள் பெரிய ஆளாகியிருந்தார். பீட்ரூட், கறிவேப்பிலை, பேரீச்சை எல்லாம் காயவைத்து அரைத்து ஒரு பொடி செய்தார். அதை வைத்துக்கொண்டு மண்டபங்களில் 'இயற்கை உணவு முகாம்' நடத்த ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூட்டம் உட்கார்ந்திருக்கும். வெறும் வயிற்றோடு வரவேண்டும், ஜூஸ் மட்டும் தருவார்கள். ஆங்கில மருந்து எப்படி விஷம் என்று அவர் மைக்கில் பேசுவார். பேசும்போது நடுநடுவே நெஞ்சைத் தடவி ஏப்பம் விட்டுக்கொள்வார். பல வருஷமாக அவருக்கு அது இருந்தது. வாயு என்று பெயர் வைத்து, சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் மூன்று மாதமாக அந்தப் பொடியைத் தந்துவந்தார். குடித்தேன். மண் கரைத்த தண்ணீர் போல இருக்கும். ஒரு முகாமுக்கு என்னையும் வரச் சொன்னார். போகமாட்டேன் என்றேன். கணவர், "அக்கா வெசனப்படும், ஒருக்கா வந்து தலையக் காட்டிப்போட்டு வந்துரு" என்றார். அவர் நல்லவர். எந்தச் சண்டையிலும் என் பக்கம் இருப்பார், சண்டை முடிந்த பிறகு.

போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பேச்சின் நடுவில் நாத்தனார் திடீரென்று என்னைக் கைகாட்டினார்.

"என்ற தம்பி சம்சாரமுங்க. ரத்தமே இல்லாம இருந்தாங்க. மூணு மாசமா நம்ம பொடிதானுங்க. இப்பப் பாருங்க மொகத்த! ஏனுங்க அம்மணி, மேல வாங்க, எல்லாரும் பாக்கட்டும்."

கூட்டம் கைதட்டியது. முந்தின வாரம்தான் ரத்தம் சோதித்திருந்தேன். இன்னும் இறங்கியிருந்தது. அது அவருக்கும் தெரியும், கணவர் சொல்லியிருந்தார். மேடைப்படி ஏறும்போதே கண்ணுக்குள் பூச்சி பறந்தது. மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார். மைக் ஒன்றாக இருந்தது, இரண்டாக ஆனது, அப்புறம் மேடை சாய்ந்து என்னை நோக்கி வந்தது. முளைகட்டிய பயறு வைத்திருந்த மேசையைப் பிடிக்கப் போய், மேசையோடு விழுந்தேன்.

கண் விழித்தபோது என் உள்ளங்கையில் யாரோ ஒரு சாவிக்கொத்தைத் திணித்து இறுக்கிப் பிடித்திருந்தார்கள். வலிப்பு என்று நினைத்துவிட்டார்களாம். அந்த மூன்று மாதத்தில் இயற்கை வைத்தியம் எனக்குக் கொடுத்த இரும்பு அந்தச் சாவிக்கொத்து மட்டும்தான். முடியெல்லாம் பயறு. நாத்தனார் எனக்கு விசிறிக்கொண்டே மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: "பயப்படாதீங்க. பொடி வேலை செய்யுது. பழைய கழிவு வெளிய போறப்ப இப்பிடித்தான் மயக்கம் வருமுங்க."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். படித்தவர்கள்தான். முகாம் முடிந்து பொடி வாங்க வரிசையில் நின்றதும் அவர்கள்தான்.

அதற்குப் பிறகுதான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். கம்பெனியில் உடன் வேலை செய்கிறவள் சொன்ன இடம். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு, சிரிக்காத முகம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு டாக்டர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"மாத்திரை சாப்பிட்டும் ஏறின ரத்தம் நிக்கலேன்னா ரெண்டு விஷயம்மா. எங்கேயோ ரத்தம் கசியணும். இல்லாட்டி இரும்பு உள்ளயே போகாம இருக்கணும். உங்களுக்கு எது?"

"தெரியலைங்க. சரியாச் சாப்பிடறதில்லன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"எல்லாருங்க."

"அவங்க கெடக்கட்டும். காபி, டீ எப்பக் குடிக்கிறீங்க? மாத்திரை எதோட போடறீங்க? வயித்துல எரிச்சல் எவ்வளவு நாளா?"

மாத்திரையை நான் டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். டீ இரும்பைத் தடுக்கும் என்று அதை எழுதிக்கொடுத்தவர் சொன்னதே இல்லை. அரிசி தின்பதை இவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவரே கேட்டார்: "அரிசி, ஐஸ், சாக்பீஸ், மண்ணு, ஏதாவது திங்கணும்னு தோணுதா?" ஆமாம் என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அசிடிட்டி மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். அது உள்ளே இருந்தால் சோதனையில் சரியாகத் தெரியாதாம். அப்புறம் எண்டோஸ்கோபி. தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, குழாயை உள்ளே விட்டு, இரைப்பையின் சுவரில் துளி சதையைக் கிள்ளி எடுத்தார்கள். புண் இல்லை, கசிவும் இல்லை. ஆனால் சுவர் முழுக்க அழற்சி. கிள்ளிய சதையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருந்தது.

"இது என்னங்க பண்ணும்?" என்று கேட்டேன்.

"இரைப்பைச் சுவத்துல குடியிருக்கும். ரொம்ப நாள் இருந்தா அங்க அழற்சி வரும். சில பேருக்கு அதனால அமிலம் சுரக்கிறது குறைஞ்சுபோகும். நீங்க சாப்பிடற இரும்பைக் குடல் உறிஞ்சணும்னா அமிலம் வேணும். அது இல்லேன்னா மாத்திரையோ கீரையோ, பெரும்பகுதி அப்படியே வெளிய போயிடும். இந்தப் பூச்சிக்கும் இரும்பு தேவைன்னு சொல்றாங்க. சில பேருக்குப் புண்ணாகி ரத்தமும் கசியும்."

"அப்ப இதுதான் காரணமுங்களா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். நம்ம ஊர்ல ஏகப்பட்ட பேர் வயித்துல இது இருக்கு. நிறைய பேருக்கு ஒண்ணுமே பண்றதில்ல. ஆனா உங்களுக்கு வேற காரணம் எதுவும் கிடைக்கல. மாத்திரை போட்டும் ரத்தம் ஏறி நிக்கல. இதை ஒழிச்சுட்டு இரும்பைக் குடுத்துப் பாப்போம். நின்னா இதுக்கும் பங்கு இருக்குன்னு அர்த்தம்."

'சத்தியம் பண்ண மாட்டேன்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நம்பினேன். அதுவரை என்னிடம் பேசிய ஒவ்வொருவரும் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தவர்கள்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் நாத்தனார் நேரில் வந்தார். சோபாவில் உட்காராமல் நின்றார்.

"பூச்சியா? எங்கூட்டுல யாருக்குங்க அந்த மாதிரி அசிங்கமெல்லாம்? கண்ட கேண்டீன்ல திங்கறதுனால வந்துருக்கும்."

"சின்ன வயசுலயே ஊட்டுக்குள்ள ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு வர்றதுதான் அதிகமாமுங்க. உங்களுக்கும் நெஞ்செரிச்சல் இருக்குது, ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க" என்றேன்.

"எனக்கு வாயுங்க அம்மணி" என்றார். பீரங்கி மாதிரி ஓர் ஏப்பம் விட்டார். சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குடத்தின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். கிருமியை மோந்து பிடிக்கிறவர் அவர். பொடி விற்கிறவர் வேறு எப்படிப் பிடிப்பார்?

கணவர் அப்போது பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் மடிக்க அங்கே துணி இல்லை.

மருந்து இரண்டு வாரம். இரண்டு ஆன்டிபயாடிக், கூடவே அசிடிட்டி மாத்திரை. வாயெல்லாம் செம்புக்காசைச் சப்பினமாதிரி ஒரு கசப்பு. காபி கசந்தது, இட்லி கசந்தது, எச்சில் கசந்தது. வயிறு அலசிக்கொண்டு போனது. பாதியில் விட்டால் மறுபடி வளரும், அடுத்த முறை மருந்துக்குக் கட்டுப்படாது என்று டாக்டரம்மா மிரட்டியிருந்ததால் விடவில்லை. கணவர் தினமும் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, நான் விழுங்கும் வரை எதிரில் நின்றார். அக்காவிடம் நிற்க முடியாதவர் இதையாவது செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது பாக்டீரியா இல்லை. பிறகு அதே பழைய இரும்பு மாத்திரை, டீ இல்லாமல்.

ஏறியது. மெதுவாகத்தான், ஆனால் ஏறிய இடத்தில் நின்றது. எனக்கு அது ரிப்போர்ட்டைப் பார்த்துத் தெரியவில்லை. ஒரு நாள் சாதத்துக்கு அரிசி களைந்து அடுப்பில் ஏற்றிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பும்போது உறைத்தது, ஒரு அரிசியைக்கூட வாயில் போடவில்லை. எப்போதிருந்து போடவில்லை என்று யோசித்தேன், நினைவில்லை. மூடிய டப்பாவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். டாக்டரம்மா சத்தியம் பண்ணாததை என் நாக்கு பண்ணிவிட்டது.

அடுத்த வாரமே குடும்ப வாட்ஸப் குழுவில் என் போட்டோக்கள் இரண்டு வந்தன. ஒன்று மேடையில் விழுவதற்கு முன்னால் எடுத்தது, வெளுத்துப்போய் நிற்கிறேன். இன்னொன்று சமீபத்தில் ஒரு வளைகாப்பில் எடுத்தது. கீழே நாத்தனார் எழுதியிருந்தார்: 'நம்ம பொடியின் மகிமை. ஆங்கில மருந்து இல்லாமல் ரத்தம் ஏறியது.' வணக்கம் போடும் கைகளும் பூங்கொத்துகளுமாகக் குவிந்தன. கருப்பட்டிப் பெரியவர் முதல் ஆளாக வாழ்த்தியிருந்தார்.

நான் பதில் எழுதினேன். 'மேடையில் விழுந்த அன்றோடு பொடியை நிறுத்திவிட்டேன். மிச்சத்தை மாடியில் இருந்த செம்பருத்தித் தொட்டியில் கொட்டினேன். செடி பட்டுப்போனது. எனக்கு ஏறியது ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிற்றுப் பாக்டீரியாவை ஒழித்த பிறகு. நெஞ்செரிச்சலோ ரத்தக் குறைவோ இருப்பவர்கள் டாக்டரிடம் காட்டவும்.'

 பிறகு ஒருவர் பிள்ளையார் படம் போட்டார். பெரியவர், 'பெரியவர்களிடம் மரியாதை முக்கியம்' என்று எழுதினார். ஆன்டிபயாடிக்கைப் பற்றியோ பாக்டீரியாவைப் பற்றியோ ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஒரு கேள்வி கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் என் இமையை இழுத்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் இல்லை. கணவர் என்னிடம், "அத எதுக்குக் குரூப்புல போட்ட?" என்றார். போனைப் பூட்டித் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் குழுவுக்கு வெளியே ஒரு செய்தி வந்தது. நாத்தனாரின் மகள். பீளமேட்டில் கல்லூரி விடுதியில் தங்கி எம்.எஸ்சி. படிக்கிறவள். 'அத்தை, எனக்கும் அரிசி திங்கணும்போல இருக்கும். உங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா? அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.'

சனிக்கிழமை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அந்தப் பாக்டீரியாவைப் பற்றி அவளுக்குப் பாடம் நடத்தினேன். விடுதிக்குப் போகும்வரை தாயும் மகளும் ஒரே வீடு, தாய்க்கு அந்த ஏப்பம், இதைவிட என்ன சாட்சி வேண்டும்? டாக்டரம்மாவிடம் அதையே சொன்னேன்.

அவர் என்னைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னார். கதவு திறந்தபோது அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "அத்தைகிட்ட சொல்லலாமா?" என்று டாக்டரம்மா கேட்டார். அவள் தலையாட்டினாள்.

"இவளுக்கு மாசா மாசம் பத்து நாள் போகுது. ரெண்டு வருஷமா. யார்கிட்டயும் சொல்லல. முதல்ல அதைப் பாக்கணும். உங்க பூச்சிக்கும் டெஸ்ட் எழுதியிருக்கேன். ஆனா எல்லாருக்கும் அதே பூச்சிதான்னு சொல்லிட்டா, அப்புறம் எனக்கும் பொடி விக்கறவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

டெஸ்டில் அவளுக்குப் பாக்டீரியா இல்லை என்றுதான் பிறகு வந்தது. பெண்களின் உடல்நலம் பற்றி ஊரெல்லாம் மைக் பிடித்த ஒருத்தியின் மகள், இரண்டு வருஷமாக நனைந்த துணியை மறைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள். தாய்க்கு அவள் கண் இமை தெரியும். அதற்கு மேல் கேட்கத் தோன்றியதில்லை.

அன்று கிளினிக் வாசலில் நின்றபோது அவள் போன் அடித்தது. அம்மா. "லைப்ரரில இருக்கேன்னு சொல்லிடறேன்" என்றாள். "சொல்லு, உன் இஷ்டம். ஆனா எத்தன நாளைக்கு?" என்றேன். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். போனை என் கையில் கொடுத்தாள்.

"உங்க பொண்ணு எங்கூடத்தானுங்க இருக்குது. டாக்டரப் பாக்க வந்தோம். ரத்தம் ரொம்பக் குறைவு. மாசாமாசம் எச்சாப் போகுதாம். மருந்து எழுதியிருக்காங்க."

அந்தப் பக்கம் சத்தமில்லை. ஏப்பம்கூட இல்லை. பிறகு, "எங்கிட்டச் சொல்லவே இல்லீங்க" என்றார். என் கல்யாணமான நாளிலிருந்து அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து நான் கேட்டதில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் முழுசாக நெஞ்சில் இறங்குவதற்குள் அவரே என்னைக் காப்பாற்றினார்.

"செரி, கொத்தமல்லி வெதைய ராத்திரி ஊறவெச்சு வெறும் வயித்துல குடிச்சா நின்னுபோகுமுங்க. அந்த மருந்தெல்லாம் வாங்கிக் குடுத்துராதீங்க."

நான் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் காதில் வைத்து, "அம்மா, மருந்து வாங்கியாச்சு" என்று சொல்லித் துண்டித்தாள். இன்னும் வாங்கவில்லை. எதிர்ச்சாரியில் இருந்த மருந்துக்கடைக்கு அவளே முன்னால் நடந்தாள்.